நுரையால் நீரைத் தூய்மை செய்யும் கருவி

கரும்பு ஆடும் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குள் நீங்கள் நுழைந்து பார்த்திருக்கலாம். அகன்ற கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதிக்கும். சாற்றிலுள்ள அழுக்கு நுரையோடு சேர்ந்து மேலே திரளும். காய்ச்சுபவர் நீண்ட காம்புள்ள கரண்டியால் அதை வழித்து வழித்து வெளியே எடுத்துக்கொண்டே இருப்பார். எடுக்கத் தவறினால் அழுக்கு மறுபடியும் சாற்றிலே கலந்துவிடும். வெல்லத்தின் நிறம் கெடும்.

கொப்பரையில் நடக்கும் இந்த வேலையைக் கண்ணாடித் தொட்டியிலுள்ள கடல்நீரில், நெருப்பில்லாமல், இரவும் பகலும் இடைவிடாது செய்யும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் புரோட்டீன் ஸ்கிம்மர். நாம் அதை ‘நுரைப்பிரிப்பான்’ என்று அழைப்போம். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அமைப்பது என்று இக்கட்டுரையில் காண்போம்.

ஆண்டிபட்டியில் ஒரு பள்ளி தன் அறிவியல் கூடத்தில் 1,000 லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய ஊர் அது. ஆகவே கடல்நீரை அங்கேயே தயாரிக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம், 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிலோ உப்பு தேவை. சமையல் உப்பு இதற்கு உதவாது. அது சோடியம் குளோரைடு மட்டுமே. கால்சியம், மக்னீசியம் முதலியவையும் கடலில் உள்ள விகிதத்தில் கலந்த உப்பு வேண்டும். அது விலை மிகுந்தது. நன்னீர்த் தொட்டியில் நீர் கலங்கினால் பாதியை இறைத்துவிட்டுப் புது நீர் ஊற்றிவிடலாம். இங்கேயோ 100 லிட்டரை மாற்றினால் மூன்றரைக் கிலோ உப்பு போய்விடும். நீரைக் கெடாமல் காப்பதே இதில் முதல் வேலை என்பது விளங்குகிறதல்லவா?

பவளம் வைக்கலாமா?

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நுரைப்பிரிப்பான் வெளிநாடுகளில் புகழ் பெற்றதே உயிருள்ள பவளங்களை வளர்க்கும் பெருந்தொட்டிகளால்தான். ஆனால் நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. கடல் விசிறியும் கடல் குதிரையும் அப்படியே. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும், வாங்குவதும், விற்பதும் குற்றம். பவளப் பாறைத் துண்டுகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே நம் பள்ளித் தொட்டியில் செயற்கைப் பாறைகளையும், குஞ்சுப்பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களையும் வைப்போம். கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ளது. பவளம் இல்லாவிட்டாலும் மீன் உண்ணும், கழிவை வெளியேற்றும், நீர் கெடும். நுரைப்பிரிப்பானின் வேலை குறையப் போவதில்லை.

அழுகுமுன் எடுத்துவிடுதல்

மீன் தின்றது போக மிஞ்சும் தீனி, மீனின் கழிவு, அதன் உடலிலிருந்து கசியும் கோழை ஆகியவற்றில் புரதங்களும் பிற கரிமப் பொருள்களும் உள்ளன. பாக்டீரியாக்கள் இவற்றைச் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அது மீனின் செவுள்களைத் தாக்கும் நஞ்சு. வேறு வகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் நஞ்சு குறைந்தது, ஆனால் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும், பாசியை வளர்க்கும்.

வடிகட்டியில் தங்கும் அழுக்கு நீரை விட்டு வெளியேறுவதில்லை. ஓடும் நீரின் வழியிலேயே இருந்து அழுகுகிறது. நுரைப்பிரிப்பானோ அழுக்கு அம்மோனியாவாக மாறுமுன்பே அதை நீரிலிருந்து பிரித்துத் தனிக் கிண்ணத்தில் ஒதுக்கிவிடுகிறது. இதுவே இக்கருவியின் சிறப்பு. தேர்ந்தெடுப்பது, அமைப்பது, துலக்குவது பற்றிய விதிகள் எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கின்றன.

குமிழியில் ஒட்டும் மூலக்கூறு

புரத மூலக்கூறின் சில பகுதிகள் நீரை விரும்புவன. சில பகுதிகள் நீரை வெறுப்பன. அத்தகைய மூலக்கூறு நீருக்குள் ஒரு காற்றுக் குமிழியைச் சந்தித்தால், நீரை வெறுக்கும் பகுதியைக் காற்றுப் பக்கம் நீட்டியும், நீரை விரும்பும் பகுதியை நீருக்குள் வைத்தும் குமிழியின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே ஏறும்போது அதுவும் கூடவே ஏறும். மேல்நிலை வகுப்பு வேதியியலில் சல்பைடு தாதுக்களை அடர்ப்பிக்கும் ‘நுரை மிதப்பு முறை’யைப் படித்திருப்பீர்கள். எண்ணெய் பூசிய தாதுத் துகள்கள் நுரையோடு மேலே வரும். நீரில் நனைந்த மண் அடியில் தங்கும். இதுவும் அதன் உறவுமுறைதான்.

ஒட்டுவதற்கு இடம் வேண்டும். இடம் என்பது குமிழிகளின் புறப்பரப்பு. ஒரு லிட்டர் காற்றை 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 1.2 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டர் குமிழிகளாக்கினால் 6 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டராக்கினால் 12 சதுர மீட்டர். கோளத்தின் சூத்திரத்தைக் கொண்டு நீங்களே இதைச் சரிபார்க்கலாம். மேலும், சிறிய குமிழி மெல்ல ஏறும். ஒட்டுவதற்குக் கூடுதல் நேரமும் கிடைக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஒவ்வொரு லிட்டர் நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 35 கிராம் சமையல் உப்பைக் கரையுங்கள். மீன் தொட்டிக்குப் பயன்படும் காற்றுக் கல் ஒன்றை முதலில் நன்னீரிலும், பிறகு உப்புநீரிலும் இட்டுக் காற்றை ஊதச் செய்யுங்கள். நன்னீரில் குமிழிகள் பருத்தவையாகவும், ஒன்றோடொன்று சேர்ந்து கொப்புளித்து ஏறுபவையாகவும் இருக்கும். உப்புநீரிலோ பொடிக் குமிழிகள் நிறைந்து நீர் பால் போல வெளுக்கும். உப்பு, குமிழிகள் ஒன்று சேர்வதைத் தடுக்கிறது.

இப்போது உப்புநீரில் சில சொட்டு முட்டை வெள்ளைக்கருவை விட்டுக் கலக்குங்கள். உடனே உடைந்துபோன நுரை இப்போது நிலைத்து நின்று புட்டியின் கழுத்தில் ஏறும். அந்த நுரையை வழித்தெடுத்தால் வெள்ளைக்கருவின் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். நன்னீர்த் தொட்டிகளில் இக்கருவி சரிவர வேலை செய்யாததன் காரணமும் இச்சோதனையால் விளங்கும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கருவி எளிமையானது. கீழே அகன்ற உருளை. மேலே குறுகிய கழுத்து. அதன் உச்சியில் அழுக்கு சேரும் கிண்ணம். பழைய கருவிகளில் மரத்தாலான காற்றுக் கட்டையின் வழியே குமிழிகள் வரும். இன்று பெரும்பாலானவற்றில் பம்பின் சுழலியில் ஊசி போன்ற பற்கள் பல இருக்கும். அவை உறிஞ்சப்படும் காற்றைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடுகின்றன. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அழுக்கின் அளவு. பெட்டியின் மேல் ‘இத்தனை லிட்டருக்கு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. 1,000 லிட்டரில் பத்துச் சிறு மீன்கள் இருப்பதும், நாள்தோறும் கைநிறையத் தீனி கேட்கும் பெரிய மீன்கள் இருப்பதும் ஒன்றல்ல. மீன் மிகுந்தால் ஒரு படி பெரிய கருவி வேண்டும். ஆனால் ‘பெரியதே நல்லது’ என்பதும் தவறு. அழுக்கு குறைந்த தொட்டியில் அகன்ற கழுத்துள்ள கருவியை வைத்தால், கழுத்தை நிரப்பும் அளவுக்கு நிலையான நுரை உண்டாகாது. நுரை பாதி வழியிலே உடைந்து கீழே விழும்.

இரண்டாவது, கருவியின் வழியே செல்லும் நீர். அது மணிக்கு 500 லிட்டர் என்றால், இரண்டு மணி நேரத்தில் 1,000 லிட்டரும் தூய்மையாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அது சரியன்று, தூய்மையான நீரும் மற்ற நீருடன் கலந்துவிடுகிறதே! ஒரு பானையில் 1,000 கோலிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, மை வைத்து, திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 1,000 முறை செய்தாலும் சுமார் 370 கோலிகளில் மை பட்டிராது. நீரும் அப்படியே. தொட்டியளவு நீர் ஒரு முறை கருவி வழியே சென்ற பின்னும் 37 விழுக்காடு நீர் அதனுள் நுழைந்திராது. இரண்டு முறை சென்றால் 13.5 விழுக்காடும், மூன்று முறை சென்றால் 5 விழுக்காடும் மிஞ்சும். இதனால்தான் கருவி இரவு பகலாக ஓட வேண்டும். சில மணி நேரம் மட்டும் ஓடும் பெரிய கருவியைவிட இடைவிடாது ஓடும் அளவான கருவி மேல்.

மூன்றாவது, இடம். தொட்டிக்குக் கீழுள்ள அலமாரியில் கருவி நின்றால் மட்டும் போதாது. கிண்ணத்தை மேலே தூக்கிக் கழற்றவும் இடைவெளி வேண்டும். கழற்றக் கடினமான கிண்ணத்தை யாரும் அடிக்கடி கழுவுவதில்லை.

அமைக்கும் முறை

பெரிய தொட்டிகளுக்குக் கீழே ஒரு துணைத்தொட்டி இருக்கும். மேல்தொட்டியின் மேற்பரப்பிலிருந்து வழியும் நீர் முதலில் கருவி உள்ள அறைக்கு வரும்படி செய்யுங்கள். புரதங்கள் நீரின் மேற்பரப்பில்தான் ஏடு போலப் படிகின்றன.

கருவி நிற்கும் அறையில் நீர்மட்டம் மாறவே கூடாது. மட்டம் உயர்ந்தால் நுரைக்குப் பதிலாக நீரே கிண்ணத்தில் வழியும். தாழ்ந்தால் நுரை கழுத்தை எட்டாது. ஆண்டிபட்டிக் கோடையில் நீர் விரைவில் ஆவியாகும். எனவே கருவியுள்ள அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பை வையுங்கள். தடுப்பின் உயரம் வரை நீர் எப்போதும் நிற்கும். ஆவியாதலால் வரும் குறைவு அடுத்த அறையில் மட்டுமே தெரியும். தயாரிப்பாளர் குறித்துள்ள ஆழத்தைவிட நீர் அதிகமானால் கருவியின் கீழே ஒரு மேடை வைத்து உயர்த்துங்கள். ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

புதிய கருவி முதல் சில நாட்கள் ஒழுங்காக நுரைக்காது. சில வேளை பொங்கி வழியும். தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பசை போகும் வரை அப்படித்தான். ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். எண்ணெய் மிகுந்த தீனி இட்டாலும், எண்ணெய் தேய்த்த கையை நீரில் விட்டாலும் நுரை சட்டென்று அடங்கும். பிறகு தானே மீளும். சோப்புப் பட்ட பாத்திரத்தை மட்டும் தொட்டி அருகே கொண்டு வராதீர்கள்.

நுரை கழுத்தில் மெல்ல ஏறி, கிண்ணத்தில் தேநீர் நிறத்தில் சேர வேண்டும். வெளிறிய நீராகச் சேர்ந்தால் கருவி கடல்நீரையே இறைக்கிறது எனலாம். நாளொன்றுக்கு அரை லிட்டர் அப்படிப் போனால் மாதத்தில் அரைக் கிலோ உப்பு போய்விடும். உப்பின் அளவை அடர்த்திமானி கொண்டு அவ்வப்போது பாருங்கள், ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்க வேண்டும். கழுத்தின் உட்புறம் பசை படிந்தால் நுரை ஏறாது. ஆகவே வாரம் இருமுறை கிண்ணத்தையும் கழுத்தையும் வெறும் நீரில் கழுவுங்கள்.

மின்தடை ஏற்பட்டால் மேல்தொட்டியின் நீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். துணைத்தொட்டியில் அதற்கு இடம் விட்டு வையுங்கள். மின்சாரம் வந்ததும் நிரம்பிய கிண்ணம் வழிந்து, திரட்டிய அழுக்கு முழுவதும் நீரிலே விழக்கூடும். எனவே கிண்ணம் நிரம்பும் வரை காத்திருக்கக் கூடாது. நுரைப்பிரிப்பான் நீரில் ஆக்சிஜனையும் கலக்கிறது. அது நின்ற நேரத்துக்காக மின்கலத்தில் ஓடும் காற்றூதி ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

எதைச் செய்யாது?

ஏற்கெனவே உண்டான அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் இக்கருவி எடுக்காது. அவை குமிழியில் ஒட்டும் இயல்புடையவை அல்ல. கரிமப் பொருள் எல்லாவற்றையும் எடுப்பதுமில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009இல் இக்கருவிகளை அளந்து பார்த்தார். எவ்வளவு நேரம் ஓடினாலும், நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோதான் நீங்கியது. எஞ்சியது குமிழியில் ஒட்டாத வகை. ஆகவே அளவான தீனி, அளவான மீன், மாதந்தோறும் சிறிது நீர் மாற்றுதல் ஆகிய மூன்றுக்கும் நுரைப்பிரிப்பான் துணையே அன்றி மாற்று அன்று.

வைகையின் நுரை

ஆண்டிபட்டிக்கு அருகில் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் ஆறு மதுரையைக் கடந்து, வழியிலுள்ள கண்மாய்களை நிரப்பி, வெள்ளக் காலத்தில் எஞ்சிய நீரைப் பாக் விரிகுடாவில் சேர்க்கிறது. அதன் முகத்துவாரத்திலிருந்து சிறிது தொலைவில் மண்டபம். அதற்குத் தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. 1986இல் அவை கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடல்நீர் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அங்குப் பவளங்கள் வெளுத்தன. வெப்பத்தால் நலிந்த பவளத்துக்குக் கலங்கிய நீர் இரண்டாவது அடி.

மதுரைப் பக்கம் கழிவுநீர் கலக்குமிடங்களில் வெண்ணுரை மிதப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அங்கும் காற்றுக் குமிழிகள் சோப்பையும் அழுக்கையும் சுமந்து மேலே வருகின்றன. ஆனால் அந்த நுரையை ஏந்திக்கொள்ளக் கிண்ணம் இல்லை. நுரை உடைந்ததும் சுமந்து வந்தது எல்லாம் மீண்டும் ஆற்றிலே இறங்குகிறது. பள்ளித் தொட்டியின் கிண்ணத்தைக் கழுவும் மாணவன், ஒரு வாரத்தில் பத்து மீன்கள் உண்டாக்கிய அழுக்கைத் தன் கண்ணாலேயே காண்பான். ஒரு நகரம் உண்டாக்கும் அழுக்குக்கு எவ்வளவு பெரிய கிண்ணம் வேண்டும் என்று அவன் கேட்டால், அத்தொட்டிக்குச் செலவிட்ட பணம் வீணாகவில்லை.