பிரமிடு கட்டியவர்களின் கல்லறைகள்

1990-ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். எகிப்து நாட்டில் கீசா என்னும் ஊர். மணல் வெளியில் ஒரு குதிரை போய்க்கொண்டிருந்தது. குதிரையின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திடீரென்று குதிரையின் கால் எதிலோ இடறியது. குதிரை தடுமாறியது. என்ன என்று பார்த்தால், மணலுக்குள் ஒரு சுவர் தெரிந்தது. சுடாத பச்சை மண்கல்லால் கட்டிய சுவர்.

அது வீட்டுச் சுவர் அல்ல. ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கல்லறையின் சுவர். பழம்பொருள் ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். மணலை அள்ளினார்கள். ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லறை வந்தது. அதற்கு மேலே மேட்டில் மேலும் பல கல்லறைகள் வந்தன. அங்கே புதைக்கப்பட்டவர்கள் அரசர்கள் அல்ல. அரசர்களுக்குப் பிரமிடு கட்டிய தொழிலாளர்கள்.

யார் கட்டினார்கள்?

பிரமிடு என்பதும் ஒரு கல்லறைதான். எகிப்து அரசரின் கல்லறை. அடியில் நான்கு மூலை. மேலே போகப்போகக் குறுகும். உச்சி கூராக முடியும். இருப்பதிலேயே பெரிய பிரமிடு கூஃபு என்ற அரசருடையது. கட்டி முடித்தபோது அதன் உயரம் 146 மீட்டர். இன்றைய கட்டடங்களில் சொன்னால் 48 மாடி உயரம். அதில் சுமார் 23 லட்சம் கற்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கல்லின் எடை சராசரியாக இரண்டரை டன்.

கூஃபு ஏறக்குறைய 27 ஆண்டுகள் ஆண்டார். அவர் ஆட்சியில் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் நாள் ஒன்றுக்கு 230 கற்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அப்போது இரும்புக் கருவி இல்லை. கல்லை வெட்டச் செம்பு உளி. தட்டக் கல் சுத்தி. இழுக்கக் கயிறும், சக்கரம் இல்லாத மரச் சறுக்குவண்டியும். மற்றதெல்லாம் மனிதனின் கை, கால், முதுகு.

இந்த வேலையைச் செய்தது யார்? கிரேக்க நாட்டைச் சேர்ந்த ஹெரடோட்டஸ் என்பவர் எகிப்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றி, ஒரு லட்சம் பேர் வேலை செய்ததாக அவர் எழுதினார். ஆனால் அவரும் நேரில் பார்த்தவர் அல்ல. பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து வந்தவர். பிற்காலத்தில் சினிமாப் படங்கள் வந்தன. அவற்றில் அடிமைகள் சங்கிலியோடு கல் இழுப்பார்கள். பின்னால் ஒருவன் சாட்டையால் அடிப்பான். உலகம் முழுவதும் மக்கள் அதையே உண்மை என்று நம்பினார்கள். இன்னும் சிலர், வேறு கிரகத்திலிருந்து யாரோ வந்து கட்டினார்கள் என்றுகூட எழுதினார்கள். ஏழை மனிதர்களால் இவ்வளவு பெரிய வேலை முடியும் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

குதிரை இடறிய இடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கத் தொடங்கியது.

எலும்புகள் சொன்ன செய்தி

தோண்டும் வேலையை எகிப்து அறிஞர் சாஹி ஹவாஸ் நடத்தினார். கல்லறைகள் இரண்டு வரிசையாக இருந்தன. கீழே சரிவில் சாதாரணத் தொழிலாளர்களின் கல்லறைகள். அவை சிறியவை. பச்சை மண்கல்லாலும், வேலையில் மிஞ்சிய உடைகல்லாலும் கட்டியவை. மேட்டில் மேஸ்திரிகள், கைவினைஞர்கள் ஆகியோரின் கல்லறைகள். அவை கொஞ்சம் பெரியவை. அவற்றில் பெயரும் வேலையும் எழுதியிருந்தன. ஒருவர் கல் வேலைக்கு மேற்பார்வையாளர். ஒருவர் பிரமிடின் ஒரு பக்கத்துக்குப் பொறுப்பாளர்.

கல்லறைகளில் ரொட்டியும் பீர் ஜாடிகளும் வைத்திருந்தார்கள். இறந்தவர் மறு உலகத்தில் பசியோடு இருக்கக் கூடாது என்பது எகிப்து மக்களின் நம்பிக்கை. பெதெட்டி என்பவரின் கல்லறையில் ஒரு சாபம் இருக்கிறது. இந்தக் கல்லறைக்குக் கேடு செய்பவனை முதலையும் நீர்யானையும் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் கருத்து. அரசரைப் போலக் காவலுக்கு ஆள் வைக்க அவருக்கு வசதி இல்லை. சாபத்தையே காவலுக்கு வைத்துவிட்டார்.

எலும்புகளை மருத்துவர்கள் சோதித்தார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதி தேய்ந்திருந்தது. முழங்கால் மூட்டுகள் தேய்ந்திருந்தன. பல ஆண்டுகள் பாரம் சுமந்தவர்களுக்குத்தான் இப்படி ஆகும். ஆண்களின் எலும்பில் மட்டும் அல்ல, பெண்களின் எலும்பிலும் இந்தத் தேய்மானம் இருந்தது. பலர் முப்பது, முப்பத்தைந்து வயதிலேயே இறந்திருந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. சிலருக்குக் கை எலும்பு முறிந்திருக்கிறது. சிலருக்குக் கால் எலும்பு. ஆனால் முறிந்த எலும்பு கோணாமல் நேராகக் கூடியிருந்தது. அப்படியானால் யாரோ சிம்பு வைத்துக் கட்டி வைத்தியம் செய்திருக்கிறார்கள். கை அல்லது கால் எடுக்கப்பட்ட பிறகு, புண் ஆறி, உயிரோடு இருந்தவர்களும் உண்டு. வேலை செய்ய முடியாத அந்த மனிதருக்கும் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள்.

சாட்டையால் அடித்து வேலை வாங்கிய அடிமைக்கு இவ்வளவும் செய்வார்களா? அரசரின் பிரமிடு தெரியும் இடத்தில் கல்லறை கட்ட விடுவார்களா? இப்படித்தான் ஹவாஸ் கேட்டார். 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே இடத்தில் மேலும் கல்லறைகள் வெளிப்பட்டன. அப்போதும் அவர் இதையே சொன்னார்.

ரொட்டி சுட்ட இடம்

தொழிலாளர்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று தேடினார் மார்க் லேனர். இவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர். பிரமிடுகளுக்குத் தெற்கே, மணலுக்கு அடியில், அவரது குழு ஓர் ஊரையே கண்டுபிடித்தது. இந்த ஊர் பெரும்பாலும் கூஃபுவுக்குப் பின் ஆண்ட காஃப்ரே, மென்கௌரே என்ற அரசர்களின் காலத்தைச் சேர்ந்தது. அவர்களும் கீசாவில் பிரமிடு கட்டியவர்கள்.

1991-இல் அங்கே இரண்டு ரொட்டிக் கூடங்கள் கிடைத்தன. மணி போன்ற வடிவில் கனமான மண் அச்சுப் பானைகள் இருந்தன. மாவை அதில் ஊற்றுவார்கள். சூடாக்கிய இன்னொரு பானையை மேலே கவிழ்ப்பார்கள். தரையில் வரிசையாக இருந்த குழிகளில் வைத்துச் சுற்றிலும் கங்கு போடுவார்கள். ரொட்டி வெந்துவிடும். ஒரு ரொட்டி பெரிதாக, கனமாக இருக்கும். புகையிலும் சூட்டிலும் நாள் முழுதும் நின்ற அந்த ஆட்களும் பிரமிடு கட்டியவர்களே.

நீண்ட கூடங்களும் இருந்தன. ஒரு கூடத்தில் நாற்பது, ஐம்பது பேர் வரிசையாகப் படுத்துத் தூங்கலாம். மாடு, ஆடு, மீன் ஆகியவற்றின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. நாள்தோறும் 21 மாடுகளும் 23 ஆடுகளும் பண்ணைகளிலிருந்து அனுப்பப்பட்டன என்பது ஹவாஸின் கணக்கு.

எத்தனை பேர் வேலை செய்தார்கள்? பத்தாயிரம் பேர் என்று ஹவாஸ் சொல்கிறார். இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஹெரடோட்டஸ் சொன்ன ஒரு லட்சம் இல்லை.

அடிமைகள் இல்லை என்பதால், எல்லாரும் விரும்பி வந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கைத்தொழில் தெரிந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே வாழ்ந்தார்கள். கல் இழுத்தவர்களில் பலர் கிராமத்து உழவர்கள். ஊர் ஊராக ஆள் அனுப்ப வேண்டும் என்பது அரசரின் கட்டளை. முறை வந்தால் போகத்தான் வேண்டும். அக்காலத்தில் காசு இல்லை. ரொட்டி, பீர், துணி ஆகியவையே கூலி. சாப்பாடு கிடைத்தது, வைத்தியம் கிடைத்தது, இறந்தால் சிலருக்குக் கல்லறையும் கிடைத்தது. முதுகெலும்பும் தேய்ந்தது. இரண்டும் உண்மை.

அவர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து வேலை செய்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயர். கற்களின் மேல் சிவப்புச் சாயத்தால் அந்தப் பெயரை எழுதி வைத்தார்கள். ஒரு கூட்டத்தின் பெயர் ‘கூஃபுவின் நண்பர்கள்’. மற்றொரு கூட்டத்தின் பெயர் ‘மென்கௌரேயின் குடிகாரர்கள்’. அரசர் பெயரோடு குடிகாரர் என்று சேர்த்து எழுதும் துணிச்சல் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

மேரரின் நாள்குறிப்பு

2013-ஆம் ஆண்டு இன்னொரு புதையல் கிடைத்தது. அது பொன் அல்ல. கிழிந்துபோன தாள்கள்.

எகிப்துக்குக் கிழக்கே செங்கடல் இருக்கிறது. அதன் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடம். அங்கே பாறையைக் குடைந்து நீளமான அறைகள் செய்திருந்தார்கள். படகுகளைப் பிரித்து அவற்றில் பத்திரமாக வைப்பார்கள். அறைகளின் வாசலைப் பெரிய கற்களால் அடைப்பார்கள். பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் பியர் தாலே அங்கே தோண்டினார். வாசல் கற்களின் இடுக்கில் பாப்பிரஸ் தாள்கள் கிடந்தன. பாப்பிரஸ் என்பது நீரில் வளரும் கோரை. அதன் தண்டைக் கீறி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தித் தாள் செய்வார்கள். எழுத்துள்ள பாப்பிரஸ் தாள்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை இவைதான்.

அவற்றில் ஒன்று மேரர் என்ற மேற்பார்வையாளரின் நாள்குறிப்பு. அவருக்குக் கீழே சுமார் நாற்பது பேர். ஒரு படகு. கூஃபுவின் பிரமிடுக்கு வெளிப்பூச்சுப் போல வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பதித்தார்கள். அந்தக் கல் நைல் ஆற்றின் மறு கரையில் துரா என்ற இடத்தில் வெட்டப்பட்டது. அதை ஏற்றிக்கொண்டு வருவது மேரர் குழுவின் வேலை.

நாள்குறிப்பில் அலங்காரம் எதுவும் இல்லை. முதல் நாள் துராவில் கல் இழுத்தார்கள், இரவு அங்கேயே தங்கினார்கள். மறுநாள் கல்லோடு படகைச் செலுத்தினார்கள், வழியில் ‘கூஃபுவின் ஏரி’ என்ற இடத்தில் தங்கினார்கள். அதற்கு அடுத்த நாள் பிரமிடு போய்ச் சேர்ந்தார்கள். பிறகு வெறும் படகோடு திரும்பினார்கள். பத்து நாளுக்கு இரண்டு அல்லது மூன்று நடை. மாதம் முழுதும் இதே வேலை.

இன்று நைல் ஆறு பிரமிடுகளுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. அப்படியிருக்கப் படகு எப்படிப் போனது? அந்தக் காலத்தில் ஆற்றின் ஒரு கிளை பிரமிடுக்குப் பக்கத்திலேயே ஓடியது. மண்ணுக்கு அடியில் இருந்த மகரந்தத் தூளைச் சோதித்து இதை உறுதி செய்தார்கள். அந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. மேரர் எழுதி வைத்தது சரியாக இருந்தது.

கல் ஏற்றும் வேலை முடிந்த பிறகு, அந்தக் குழு செங்கடல் கரைக்கு அனுப்பப்பட்டது. கடலுக்கு அப்பால் சினாய் பகுதி. அங்கேதான் உளி செய்யச் செம்பு கிடைத்தது. வந்த இடத்தில் தாள்களை விட்டுவிட்டுப் போனார்கள். அதனால்தான் அவை அங்கே கிடைத்தன.

2016-இல் இந்தத் தாள்கள் கெய்ரோ அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவற்றில் நாள்குறிப்பு மட்டும் இல்லை. கணக்கும் இருக்கிறது. ரேஷன் கடைப் பதிவேடு போலக் கட்டம் போட்டு எழுதிய கணக்கு. தொழிலாளர்களுக்கு வரவேண்டிய உணவு எவ்வளவு என்று ஒரு கட்டம். வந்தது எவ்வளவு என்று இன்னொரு கட்டம். மூன்றாவது கட்டத்தில், இன்னும் வரவேண்டிய பாக்கி.