குரல் வளம் இல்லாத பாடகர் புகழ் பெற்ற கதை

கச்சேரிக்குப் புறப்படும் பாடகர் விளம்பரத்தில் என்ன போட்டுக்கொள்வார்? "தேன் குரல்" என்பார். "கான மன்னர்" என்பார். ஸ்பெயின் தேசத்துப் பாடகர் சி. தங்கானா, 2022-ம் ஆண்டில் நடத்திய சுற்றுப்பயணத்துக்கு வைத்த பெயரோ, "பாடாமலும் சுருதி சேராமலும்" என்பது!

இதில் வேடிக்கையும் உண்டு, உண்மையும் உண்டு. அவர் பெரிய குரல் படைத்தவர் அல்ல. ஆயினும் அந்தக் கச்சேரிகளுக்கு ஜனங்கள் திரண்டு வந்தார்கள். காரணம் என்ன?

சண்டைப் பெயர்

அவருடைய சொந்தப் பெயர் அந்தோன் ஆல்வாரெஸ் அல்ஃபாரோ. 1990-ம் ஆண்டு ஜூலை மாதம் 16-ந் தேதி தலைநகர் மாட்ரிட்டில் பிறந்தவர். கொம்புளுதென்சே பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். வாலிப வயதிலேயே "கிரேமா" என்ற பெயரில் ராப் பாடத் தொடங்கினார். தாளத்தோடு வசனத்தை அடுக்கிச் சொல்வதுதான் ராப். பிறகு சி. தங்கானா ஆனார். ஸ்பானிஷ் மொழியில் "தங்கானா" என்றால் கைகலப்பு என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி சண்டைகளும் அவரைத் தொடர்ந்து வந்தன!

கடல் கடந்த தாளம்

அந்த நாட்களில் ஸ்பெயின் இளைஞர்களை இரண்டு வகைப் பாட்டுகள் பிடித்து ஆட்டின. ஒன்று "டிராப்". அமெரிக்காவின் தென்பகுதியில், அட்லாண்டா நகரத்துக் கறுப்பர்களின் தெருக்களில் வளர்ந்தது அது. மற்றொன்று "ரெக்கேட்டோன்". ஜமைக்காவின் தாளம் பனாமா நாட்டில் ஸ்பானிஷ் பேசக் கற்றுக்கொண்டு, போர்ட்டோ ரிக்கோ தீவில் பெரிதாகிய ஆட்டப் பாட்டு.

இவற்றுக்கு நல்ல சாரீரம் கட்டாயம் அல்ல. சுருதி பிசகினால் "ஆட்டோட்யூன்" என்ற கருவி சரிசெய்துவிடும். தங்கானாவுக்கு இது வசதியாகப் போயிற்று. 2017-ல் "மாலா முஹேர்" (பொல்லாத பெண்) என்ற பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அதற்கு இசை அமைப்பில் துணை நின்றவர் அலிஸ் என்பவர்.

மறு ஆண்டு வெளிவந்த தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் "அவிடா டாலர்ஸ்". டாலருக்கு ஆலாய்ப் பறப்பவன் என்று பொருள்படும். ஓவியர் சால்வதோர் தாலியின் பெயரில் உள்ள எழுத்துக்களை இடம் மாற்றி, கவிஞர் ஆந்த்ரே பிரதோன் செய்த பரிகாசம் இது. அந்த வசைச் சொல்லைத் தங்கானா தாமே எடுத்துத் தலையில் சூட்டிக்கொண்டார்.

கச்சேரி ரத்து

பணம் வந்தது. எதிர்ப்பும் வந்தது. 2019-ம் ஆண்டு பில்பாவோ நகரத் திருவிழாவில் அவருடைய கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. பாட்டுகளில் பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் இருக்கின்றன என்று புகார் கிளம்பியது. நகரசபை கச்சேரியை ரத்து செய்துவிட்டது. பேச்சுரிமை என்று ஒரு சாராரும், பொதுப்பணத்தில் இதற்கு இடமா என்று மற்றொரு சாராரும் வாதாடினார்கள்.

இதே காலத்தில் அவருடைய மற்றொரு திறமையும் வெளிப்பட்டது. பாடகி ரொசாலியாவின் புகழ் பெற்ற 2018-ம் ஆண்டுத் தொகுப்பில் பல பாட்டுகளை அவரும் சேர்ந்து எழுதினார். அதில் "மாலமென்டே" என்ற பாட்டுக்கு லத்தீன் கிராமி பரிசு கிடைத்தது. ஸ்பெயினின் தென்பகுதிப் பழம் பாட்டான ஃபிளமெங்கோவும் இன்றைய தாளமும் அதில் கைகோத்திருந்தன.

பெரியவர்கள் துணை

2021 பிப்ரவரியில் "எல் மாட்ரிலென்யோ" வெளிவந்தது. மாட்ரிட்காரன் என்பது அதன் பொருள். முப்பது வயது வாலிபர் அதில் யாரை அழைத்து வந்தார் தெரியுமா? கியூபாவின் எலியாதெஸ் ஒச்சோவா, பிரேஸிலின் தொக்கின்யோ. இருவரும் 1946-ல் பிறந்தவர்கள்! உருகுவே நாட்டு ஜோர்ஜ் டிரெக்ஸ்லர், அர்ஜென்டினாவின் கலமாரோ, ஜிப்ஸி கிங்ஸ் குழுவினர் என்று மேலும் பலர். அப்பா அம்மா காலத்துப் பாட்டு என்று இளைஞர்கள் ஒதுக்கி வைத்ததை, அந்த இளைஞர்களே விரும்பிக் கேட்டார்கள். அந்த ஆண்டு அத்தொகுப்புக்கு மூன்று லத்தீன் கிராமி பரிசுகள்.

சாப்பாடு முடிந்த பிறகும் மேஜையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பது ஸ்பெயின்காரர்களின் வழக்கம். அதே பாணியில் மேஜையைச் சுற்றிக் கூட்டாளிகளை உட்காரவைத்து, கை தட்டிப் பாடி ஒரு கச்சேரியைப் படமாக்கினார். சுற்றுப்பயண மேடையிலும் மேஜைகளும் விருந்துமே காட்சி. தனிக்குரலின் குறை கூட்டத்தில் மறைந்துவிட்டது!

மூத்தவர்களின் புகழில் அவர் குளிர் காய்ந்தார் என்று கேட்கலாம். ஆனால் அந்த மூத்தவர்களின் பாட்டு புதிய தலைமுறையின் காதில் விழுந்ததும் அவரால்தான்.

தேவாலயத்தில் ஆட்டம்

2021 அக்டோபரில் அடுத்த சண்டை. "ஆத்தேயோ" (நாத்திகன்) என்ற பாட்டுக்காக, நாத்தி பெலூசோ என்ற பாடகியுடன் தொலேதோ நகரத்துப் பேராலயத்தில் ஆடிப் படம் பிடித்தார். பக்தர்கள் கொதித்தார்கள். அனுமதி அளித்த ஆலயத் தலைமைக் குரு, அது காதலால் மனம் மாறியவனின் கதை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். பேராயர் மன்னிப்புக் கோரினார். முடிவில் குரு பதவி விலகினார். பாட்டுக்காரருக்கு விளம்பரம், குருவுக்கு வேலை போயிற்று!

கேமராவின் பின்னால்

2023-ல் செல்டா வீகோ கால்பந்துக் குழுவின் நூற்றாண்டு விழாவுக்கு கலீசிய மொழியில் ஒரு கீதம் இயற்றினார். நாட்டுப்புறப் பெண்களின் கஞ்சிரா ஒலியும் கூட்டுப்பாட்டும் அதில் முழங்கின.

பிறகு சினிமா. யெராய் கோர்தெஸ் என்ற ஃபிளமெங்கோ கிதார் கலைஞரின் குடும்பக் கதையை 2024-ல் டாகுமெண்டரிப் படமாக எடுத்தார். அதற்கு 2025-ல் ஸ்பெயினின் கோயா பரிசு கிடைத்தது. அந்தப் படத்தில் டைரக்டர் என்று போட்டிருப்பது "அந்தோன் ஆல்வாரெஸ்". சண்டைப் பெயரை அங்கே காணோம். பாடுகிறவரும் அவர் அல்ல. கிதார் வாசிப்பவருக்கு இடம் விட்டு, அவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார்.