மியாமி மாநகரின் அன்னை

பெருநகரங்களின் வரலாற்றைப் புரட்டும்போது, அவற்றைத் தோற்றுவித்தவர்கள் என்று அரசரையும் படைத்தலைவரையும் பெருஞ்செல்வரையுமே நாம் பெரும்பாலும் காண்கின்றோம். அவர்களிடையே பெண்ணொருத்தியின் பெயர் காணப்படுதல் மிக அரிது. அத்தகைய அரிய பெயர்களுள் ஒன்று ஜூலியா டட்டில் அம்மையாருடையது. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கே, புளோரிடா மாநிலத்தில் உள்ள மியாமி நகரின் அன்னை என அந்நாட்டார் அவரைப் போற்றுவர். அப்பெருமை அவருக்கு எளிதிற் கிட்டியதன்று. அவர் வாழ்ந்த நாளிலே முழுமையாகக் கிட்டியதுமன்று.

ஜூலியா 1849ஆம் ஆண்டில், வடக்கேயுள்ள ஒகாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரிற் பிறந்தார். 1867இல் இரும்பு வார்ப்புத் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த பிரெட்ரிக் டட்டில் என்பவரை மணந்தார். அவருடைய தந்தையார் புளோரிடாவின் பிஸ்கேன் வளைகுடாவோரத்திற் குடியேறியிருந்தார். அவரைக் காண 1875இல் அங்கு சென்ற ஜூலியாவின் உள்ளத்தில் அவ்விடம் ஆழப் பதிந்துவிட்டது.

1886இல் கணவர் காலமானார். பிள்ளைகள் இருவர், கையிலோ போதிய பொருளில்லை. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. தம் இல்லத்தையே தங்குவிடுதியாக்கி, அதன் வருவாயைக் கொண்டு குடும்பத்தைத் தாங்கினார். பின்னர், 1891இல், மியாமி ஆற்றின் வடகரையில் 640 ஏக்கர் நிலத்தை வாங்கிப் பிள்ளைகளுடன் அங்கு குடிபெயர்ந்தார். படையினர் முன்னொரு காலத்திற் கட்டிக் கைவிட்ட டலஸ் கோட்டையின் கட்டடமொன்றைச் செப்பனிட்டு வீடாக்கிக் கொண்டார்.

அந்நாளில் அவ்விடம் எவ்வாறிருந்தது? புகையிரதம் இல்லை; நல்ல வீதி இல்லை. பொருள்கள் யாவும் படகிலேயே வரவேண்டும். வடக்கிலிருந்து தபால் கொண்டுவரும் சேவகர், கடற்கரை மணலிலே வெறுங்காலோடு நாட்கணக்கில் நடந்து வருவார். அயலிலே சில குடும்பங்களே வாழ்ந்தன. ஆனால் அது மனிதர் அறியாத வெறுங்காடு என்று எண்ணிவிடலாகாது. தெக்கெஸ்தா என்னும் பழங்குடியினர் நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த ஆற்றுமுகம் அது.

அக்காட்டினிடையே ஒரு நகரைக் கண்டது அம்மையாரின் கண். நகர் எழுவதற்குப் புகையிரதம் வேண்டும் என்பதையும் அவர் நன்கு உணர்ந்திருந்தார். ரொக்பெல்லருடன் கூட்டாக எண்ணெய் வாணிகம் நடத்திப் பெருஞ்செல்வரான ஹென்றி பிளாக்லர் என்பவர், புளோரிடாவின் கீழைக் கரையோரமாகப் புகையிரதப் பாதை அமைத்து வந்தார். 1894இல் அப்பாதை, மியாமிக்கு வடக்கே ஏறத்தாழ 65 மைல் தொலைவிலுள்ள மேற்குப் பாம் பீச் வரை வந்து நின்றுவிட்டது. அதனைத் தெற்கே நீட்டுமாறு அம்மையார் பன்முறை வேண்டினார். பிளாக்லர் இசையவில்லை.

மனித முயற்சிக்கு இயற்கையும் ஒருமுறை துணைநின்றது. 1894ஆம் ஆண்டின் இறுதியிலும் 1895ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கடும் உறைபனி பொழிந்து, புளோரிடாவின் தோடைத் தோட்டங்களைக் கருக்கியது. மியாமிப் பகுதி மட்டும் பசுமை குன்றாதிருந்தது. அதற்குச் சான்றாக அம்மையார் தோடை மலர்களைப் பிளாக்லருக்கு அனுப்பிவைத்தார் என்றும், அவற்றைக் கண்டதும் அவர் மனம் மாறினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது.

கதை இனிமையானதே. ஆயினும், மலர்கள் மட்டும் ஒரு வணிகரை அழைத்து வந்தன என்று நாம் நம்பலாமா? அம்மையார் கொடுத்த விலை வேறு. புகையிரத நிலையத்துக்கும் விடுதிக்குமென 100 ஏக்கர் நிலத்தையும், எஞ்சியதில் ஒன்றுவிட்டொரு மனையாகப் பாதியையும் பிளாக்லருக்கு வழங்க அவர் உடன்பட்டார். தென்கரையில் வாழ்ந்த பிரிக்கல் குடும்பத்தாரும் தம் நிலத்தில் ஒரு பகுதியை அளித்தனர். அதற்கு ஈடாகப் பாதையும் வீதிகளும் நீர் வசதியும் விடுதியும் அமைத்துத் தருவது பிளாக்லரின் பொறுப்பாயிற்று. எஞ்சிய பாதியின் மதிப்பு, முழுநிலத்தின் பழைய மதிப்பினும் பன்மடங்கு உயரும் என்பதே அம்மையாரின் கணக்கு. தாம் விற்ற மனைகளில் மதுபான வாணிகம் நடத்தலாகாது என உறுதிப்பத்திரத்திலேயே விதித்த கண்டிப்பும் அவரிடம் இருந்தது.

1896ஆம் ஆண்டு ஏப்ரலில் முதற் புகையிரதம் மியாமியை வந்தடைந்தது. அதே ஆண்டு யூலை 28ஆந் திகதி, ஊரவர் கூடி வாக்களித்து அதனை நகராக நிறுவினர். முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அக்கூட்டத்திற் கலந்துகொண்டனர். அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கும் மேலானோர், காடு வெட்டிப் பாதை போட்ட கறுப்பினத் தொழிலாளர். அவர்களது வாக்கைப் பெற்று எழுந்த நகரமே பின்னர் அவர்களைத் தனிச்சேரியில் ஒதுக்கி வைத்தது. அம்மையாருக்கோ அன்று வாக்களிக்கும் உரிமையே இருக்கவில்லை. ஏனெனில், அவர் ஒரு பெண். எவருடைய நிலத்தில் அந்நகர் எழுந்ததோ, அவரே அதன் பிறப்பின்போது புறத்தே நிற்க நேர்ந்தது. அமெரிக்க நாடு முழுவதிலும் பால் வேறுபாடின்றி வாக்குரிமை வழங்கும் அரசியற் திருத்தம் 1920இலேயே நிறைவேறிற்று.

நகரின் வளர்ச்சியைக் கண்டு மகிழவும் அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. நகரை வளர்க்கக் கடன் பட்டார்; நிலம் இருந்ததேயன்றிக் கையிற் பணம் இருக்கவில்லை. 1898ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி, தமது நாற்பத்தொன்பதாவது வயதில் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கடனைத் தீர்க்கப் பிள்ளைகள் நிலத்தை விற்க வேண்டியதாயிற்று.

பின்னாளில் வளைகுடாவைக் கடக்கும் நெடும்பாலப் பாதையொன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 2010இல் கடலோரப் பூங்காவொன்றில் அவருக்குச் சிலையும் எழுந்தது. அம்மையார் மறைந்து நூறாண்டுகளுக்கும் மேலான பின்னரே அச்சிலை வந்தது என்பதை நம் மாணவர்கள் மறத்தலாகாது. தோடை மலர்க் கதையை நினைவிற் கொள்பவர் பலர். தம்மிடம் இருந்ததிற் பாதியை வரப்போகும் நகருக்காக ஈந்துவிட்டு, அந்நகரின் பிறப்பன்று ஒரு வாக்குக்கும் உரிமையின்றி நின்ற அந்தக் கைம்பெண்ணையே நாம் நினைவிற் கொள்வோமாக.