உஷார்! ஃபர்னஸுக்குள் ஃபேன் வயரைக் கொண்டுபோகாதீர்கள்

கனடாவில் வெளியே மைனஸ் 20 காட்டும் நாட்களில் டொரான்டோ வீடுகளில் ஒரு புலம்பல் கேட்கும்: கீழே வேர்க்கிறது, மேல்மாடியில் பல் கிட்டுகிறது. கராஜுக்கு மேலே உள்ள படுக்கையறை என்றால் கேட்கவே வேண்டாம். இதற்காகச் சிலர் ஆறு அங்குல டக்ட் பூஸ்டர் ஃபேன் ஒன்றை வாங்கி, அந்த அறைக்குப் போகும் குழாயில் பொருத்துகிறார்கள். அதுவரை சரி. ‘ஃபர்னஸ் ஓடும்போது இதுவும் தானாக ஓடட்டும்’ என்று ஃபர்னஸ் கதவைக் கழற்றுகிறார்களே, அங்கேதான் வினை!

உள்ளே போர்டில் ஆர், சி, டபிள்யூ, ஒய், ஜி என்று வரிசையாகத் திருகுகள் இருக்கும். தெர்மோஸ்டாட் வயர்கள் வந்து சேரும் இடம். அங்கே ஓடுவது வெறும் 24 வோல்ட். அதைத் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் திறன் பெரும்பாலும் 40 விஏதான். உங்கள் ஃபேனுக்கு வேண்டியதோ 120 வோல்ட். ஃபேனின் பிளக் வயரைத் தப்பித்தவறி அந்தத் திருகுகளோடு சேர்த்துவிட்டால் போர்டும் தெர்மோஸ்டாட்டும் கருகும். அது பணத்தோடு போகும். சுவருக்குள் ஓடும் மெல்லிய தெர்மோஸ்டாட் வயரில் 120 வோல்ட் ஏறுவதுதான் பயங்கரம். இங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் கட்டியவை!

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், 24 வோல்ட்டைக் கொண்டு 120 வோல்ட் ஃபேனை இயக்கும் ரிலே போடுவார்கள். வழி சரி, ஆனால் எந்தத் திருகில்? ‘ஜி’ ஃபேனுக்கானது என்று நம்பி அதில் இணைத்தால் கோடையில் ஏசியோடு ஜோராக ஓடும், குளிர்காலத்தில் அசையாது. காரணம், கேஸ் ஃபர்னஸைச் சூடாக்கச் சொல்லும்போது தெர்மோஸ்டாட் வழக்கமாக ‘டபிள்யூ’வை மட்டுமே உசுப்பும், காற்றை ஊதும் புளோயரைப் போர்டே பார்த்துக்கொள்ளும். சரி, ‘டபிள்யூ’வில் இணைக்கலாமா? தீ பற்றிச் சற்று நேரம் கழித்துத்தான் புளோயர் சுற்றும். அதற்குள் பூஸ்டர் குளிர்காற்றை அறைக்குள் தள்ளும். தீ அணைந்தபின் புளோயர் மிச்சச் சூட்டை ஊதிக்கொண்டிருக்க, பூஸ்டர் நின்று வழியை மறிக்கும்.

இதனால் எரிச்சலடைந்து புளோயர் மோட்டார் வயரிலேயே ஒட்டுப்போடுவது இன்னும் மோசம். பழைய வகை மோட்டாரில் பயன்படுத்தாத வேக வயர்களிலும், மோட்டார் சுற்றும்போது மின்னழுத்தம் இருக்கும். 120ஐத் தாண்டவும் செய்யும். புதிய ஈசிஎம் மோட்டார் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

என்னைக் கேட்டால் ஃபர்னஸைத் தொடாத வழியே வழி. டக்டில் காற்றழுத்தம் ஏறியதும் ஃபேனை இயக்கும் பிரஷர் சுவிட்ச் கிடைக்கிறது. அதன் உணர்முனையைப் பிரதான டக்டில் வையுங்கள். பூஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தால், அது இழுக்கும் இழுப்பில் அழுத்தம் குறைந்து ஃபேன் ஓடுவதும் நிற்பதுமாகத் திண்டாடும்.

ஃபேனின் லேபிளில் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று பாருங்கள். குளியலறைக்கான ஃபேனைச் சூடான காற்றுக் குழாயில் மாட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் கார்டை டக்டுக்குள் விடவே கூடாது. ரிட்டர்ன் குழாய்க்கும் பூஸ்டர் வேண்டாம். புகைக்குழாய் வழியே தானாகப் புகையை அனுப்பும் பழைய வாட்டர் ஹீட்டர் ஃபர்னஸ் அறையிலேயே இருந்தால், அந்தப் புகை வீட்டுக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் மணமே தெரியாது!

ஒன்டாரியோவில் நிரந்தர மின் இணைப்பு வேலைக்கு மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிப்பு தர வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் அவர் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். (அதற்கெல்லாம் முன்னால், ஃபில்டர் அடைத்திருக்கிறதா, குழாயில் காற்றைத் தடுக்கும் டேம்பர் மூடியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஃபேனே தேவைப்படாமல் போகலாம்.)

ஏற்கெனவே வயரை உள்ளே இழுத்துவிட்டீர்களா? கதவைத் திறந்தால் ஃபர்னஸை நிறுத்தும் சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றியிருக்கிறீர்களா? பிரேக்கரை அணைத்துவிட்டு டெக்னீஷியனை இன்றே அவசரமாகக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், இந்தக் குளிரில் சூடில்லாத வீட்டின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கலாம்.