எழுத்தும் எழுத்துருவும்

ஓர் ஆவணத்தில் எழுத்து வேறு, எழுத்துரு வேறு. இவ்வேறுபாடு புறக்கணிக்கப்படும்போது பொருளே மாறிவிடுகின்றது. பழைய வேர்ட் ஆவணங்கள் பலவற்றில் 'மைக்ரோ' என்பதைக் குறிக்கும் கிரேக்க 'மியூ', ஆங்கில 'எம்' எழுத்துக்குச் சிம்பல் எழுத்துருவை அணிவித்தே பெறப்பட்டது. ஆவணத்தை வெறும் உரையாக மாற்றுகையில் அவ்வணி களையப்பட, 'எம்' மட்டுமே எஞ்சுகின்றது. 50 மைக்ரோகிராம் தைரொட்சின் 50 மில்லிகிராமாகின்றது. அஃதாவது ஆயிரம் மடங்கு. வெற்றுக் கட்டம் தோன்றினாலாவது வாசகர் ஐயுறுவர். இதுவோ ஐயத்துக்கே இடந்தராத பிழை.

வேர்ட் இத்தகைய குறிகளைப் பெரும்பாலும் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில், 61440 ஐக் கூட்டிச் சேமிக்கின்றது. 61549 எனும் எண் எதிர்ப்படின், கழித்து 109 ஐப் பெறலாம். ஆயின் 109 எதைக் குறிக்கும் என்பதை எழுத்துருவின் பெயரே தீர்மானிக்கும். சிம்பலில் அது 'மியூ'. நம்மவரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினியிலோ அது 'அ'. ஆகவே மாற்றும் நிரல் முதலில் எழுத்துருப் பெயரை வாசித்து, அதற்குரிய அட்டவணைப்படி, ஒருங்குறியின் 956 ஆம் இடத்து மியூவை இடுதல் வேண்டும். வடிவமைப்பைக் களைந்த பின்னர் தேடுவதிற் பயனில்லை. விங்டிங்ஸ் குறிகளின் நிலை இன்னும் இடர்மிக்கது. அவற்றுட் பலவற்றுக்கு, 2014 இல் ஒருங்குறி 7.0 வெளிவரும்வரை, உரிய இடமே இருக்கவில்லை.