மலைக் குளிர் இறாலுக்குப் போதாது

திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கத்து வீடுகளில் இறால் அடிக்கடி வாங்கும் பொருளல்ல. சம்பளம் போட்ட வாரம், பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பும் நாள், திருநாளுக்கு மறுநாள் என்று பார்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். வாங்கி வந்ததும் பையோடு கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பதும் உண்டு. கேட்டால், “வெளியே குளிர்தானே, கெடாது” என்பார்கள்.

இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. நம் மலையில் இரவில் 15 டிகிரி, பகலில் 20 டிகிரிக்கு மேல். நமக்குக் கம்பளி தேவைப்படும் குளிர்தான், ஆனால் இறாலுக்கு அது வெயில். உணவைக் கெடுக்கும் கிருமிகள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பெருகுகின்றன. ஐஸ் பெட்டிக்குள் 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே இருந்தால்தான் அவற்றின் வேகம் அடங்கும். அதோடு, இறால் நம் கைக்கு வரும்போதே கடலை விட்டு நெடுநேரம் ஆகியிருக்கும். கரையோரத்தில் இறங்கி, மொத்தச் சந்தை மாறி, சிம்பாங் பூலாய் வழியாகவோ தாப்பா வளைவுகள் வழியாகவோ லோரியில் ஏறி வந்த பொருள் அது. மீதமிருக்கும் கொஞ்ச நேரத்தையும் தொட்டியில் வைத்து வீணாக்கக் கூடாது.

வாங்கும்போது ஐஸ் மேல் கிடக்கும் இறாலையே கேளுங்கள். தலை உடலோடு இறுகியிருக்க வேண்டும், ஓடு பளபளக்க வேண்டும், அழுத்தினால் சதை கெட்டியாக இருக்க வேண்டும். கடல் வாடை பரவாயில்லை. மூக்கைக் குத்தும் அமோனியா நெடி அடித்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். “இது உறைய வைத்து இளக்கியதா?” என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேட்கலாம். ஆமாம் என்றால் அன்றே சமைத்துவிடுங்கள். மீண்டும் உறைய வைத்தால் சதை தண்ணீர் விட்டுச் சக்கையாகிவிடும்.

தலையிலும் ஓட்டு மூட்டுகளிலும் தெரியும் கறுப்பைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அது அழுகல் அல்ல. இறாலின் உடம்பிலேயே உள்ள ஒரு நொதி காற்றுப் பட்டதும் கறுக்கிறது, வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதைப் போல. ஆனால் இறால் பிடித்து நேரமாகிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். இந்தக் கறுப்பு வராமலிருக்கச் சில இடங்களில் சல்பைட் மருந்து கலந்த நீரில் முக்குவார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சிறைப்பைத் தூண்டலாம். கழுவினாலும் முழுதாகப் போகாது. ஆகவே கறுப்பே இல்லாத இறால்தான் நல்லது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. மூக்கையும் விரலையும் நம்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தலையை எடுப்பது. குடலைக் கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இறாலின் செரிமானச் சுரப்பி தலைக்குள்தான் இருக்கிறது. உயிர் போனதும் அதிலிருக்கும் நொதிகள் கசிந்து சதையைக் கரைக்கத் தொடங்கும். கழுத்துப் பக்கத்துச் சதை மாவு போல் குழைவது அதனால்தான். தெலுக் இந்தான் பக்கம் பெயர்போன ஆற்று இறாலில், அதாவது உடாங் காலாவில், இந்தக் குழைவு இன்னும் சீக்கிரம் வரும். (ஆற்று இறால் என்றாலும் அதன் குஞ்சுகள் பிழைக்க உப்புக் கலந்த நீர் வேண்டும். இதை 1961-இல் நம் பினாங்கில் வைத்துத்தான் லிங் என்ற உலக உணவு, விவசாய நிறுவன நிபுணர் கண்டுபிடித்தார். இன்று பல நாடுகளில் உடாங் காலா வளர்க்கப்படுவதற்கு அதுவே தொடக்கம்.)

ஒரு கையால் உடலைப் பிடித்து, மறு கையால் தலையைத் திருகி இழுத்தால் பல சமயம் குடலும் கூடவே வந்துவிடும். வராவிட்டால் முதுகில் இரண்டாவது, மூன்றாவது மூட்டுக்கு இடையே பல் குச்சியைச் செருகி மெதுவாகத் தூக்குங்கள். பெரிய இறாலுக்கு முதுகைக் கத்தியால் லேசாகக் கீறுவது சுலபம். வயிற்றுப் பக்கம் தெரியும் மெல்லிய கோடு நரம்பு, அதை நோண்ட வேண்டாம். முதுகில் ஓடும் கறுப்புத்தான் குடல். நன்றாக வெந்துவிட்டால் அது நஞ்சல்ல. ஆனாலும் மணல் நறநறக்கும், கசக்கும்.

உரித்த இறாலைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். ருசி தண்ணீரோடு போய்விடும். ஓடும் குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசினால் போதும். மஞ்சளும் உப்பும் தடவுவது வாடையைக் குறைக்கும், எலுமிச்சை பிழிந்தால் சதை வெளுத்து வெந்தது போலத் தோன்றும். இரண்டுமே கெட்ட இறாலை நல்லதாக்காது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. இன்னொன்று: நம் வீடுகளில் அதே தொட்டியில்தான் பச்சையாகச் சாப்பிடும் சாலட் கீரையும் தக்காளியும் அலசுகிறோம். காய்கறியை முதலில் முடித்துவிட்டு, இறாலைக் கடைசியில் எடுங்கள்.

அன்றே சமைக்காத இறாலை ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, முங்கும்வரை தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். காற்றுப் படாததால் காய்ந்து வெளுக்காது. சமைக்கும் முந்தின இரவே கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டால் மெல்ல இளகும். அவசரமென்றால் பையோடு குளிர்ந்த நீரில் வைக்கலாம். அடுப்படி மேடையில் வைத்து இளக்குவது பழைய தப்புக்கே திரும்புவது.

திரிங்காப் உயரத்தில் தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவது அதனால்தான். இறாலுக்கு அந்தக் கவலை இல்லை. சம்பலோ குழம்போ கெட்டியான பிறகு கடைசியில் போட்டால் நடுத்தர இறால் இரண்டு, மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். அரை வட்டமாக வளைந்து, உள்சதை வெளுத்ததும் இறக்குங்கள். முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர்தான்.

இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு நன்றாக வேகவைத்துக் கொடுத்தாலும் பயனில்லை. அதற்குக் காரணமான புரதம் சூட்டில் அழிவதில்லை. பிலாச்சான், காய்ந்த கூனி ஆகியவற்றிலும் அது உண்டு. உதடு வீங்கி மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 999-ஐ அழையுங்கள். சனி, ஞாயிறு நெரிசலில் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

தலையும் ஓடும் கழிந்தால் ஒரு கிலோவில் ஏறக்குறைய பாதிதான் சதையாக மிஞ்சும். உடாங் காலாவில் அதைவிடக் குறைவு. கொடுத்த வெள்ளியில் பாதியைக் குப்பையில் போட மனம் வருமா? நல்ல இறாலின் தலையையும் ஓட்டையும் எண்ணெயில் சிவக்க வறுத்து, நசுக்கி, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அந்தச் சாற்றில் மீகூவாவும் வைக்கலாம், முருங்கைக்காய்க் குழம்பும் வைக்கலாம். வடிகட்டிய சக்கையைப் பையில் கட்டி, குப்பை லோரி வரும் நாள்வரை உறைபெட்டி மூலையில் வைத்திருந்தால் வீடும் நாறாது, நாயும் கிளறாது.