அழித்தாலும் போகாத வரிகள்

சேக்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பழைய பில்களை எல்லாம் டெலிட் செய்துவிட்டேன். டிஸ்க்கில் ஓர் எம்.பி. கூடக் காலியாகவில்லை. எங்கே தப்பு?"

தப்பு எங்கும் இல்லை.

மளிகைக் கடைக் கடன் நோட்டைப் பார்த்திருப்பார். பாக்கி 200 ரூபாய் 350 ஆனால் அண்ணாச்சி பழைய வரியைச் சுரண்டுவதில்லை. கோடு கிழித்துவிட்டுக் கீழே புதிதாக எழுதுவார். போஸ்ட்கிரெஸில் டெலிட் என்பது அந்தக் கோடு. அப்டேட் என்பது கோடும் புது வரியும். அதே நேரத்தில் பழைய கணக்கைப் படித்துக்கொண்டிருப்பவர் பாதியில் தடுமாறக் கூடாதே, அதற்காக இந்த ஏற்பாடு. இனி யாரும் பார்க்கத் தேவையில்லாத வரிதான் 'டெட் ரோ'.

அவற்றைத் தேடி, அந்த இடத்தில் மறுபடி எழுதலாம் என்று குறித்து வைப்பது வேக்கூம். நோட்டு பெரும்பாலும் மெலியாது. மெலிய வேண்டுமானால் 'வேக்கூம் ஃபுல்': உயிருள்ள வரிகளை மட்டும் புது நோட்டுக்குப் பெயர்த்தெழுதும் வேலை. முடியும்வரை அந்த டேபிளைப் படிக்கக்கூட முடியாது. ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், வேக்கூம் குப்பை அள்ளப் பிறந்ததே அல்ல. 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் குழு போஸ்ட்கிரெஸைத் தொடங்கியபோது, பழையது எதையும் இழக்கக் கூடாது என்பது திட்டம். ஒருவருடைய போன வருடச் சம்பளம் என்ன என்று கேட்டாலும் டேட்டாபேஸ் சொல்ல வேண்டும். பழைய வரிகளை, ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ஒளித்தட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்று யோசித்த புரோகிராமுக்குத்தான் 'வேக்கூம் கிளீனர்' என்று பெயர். 1997இல் 6.2 பதிப்போடு அந்தக் காலப்பயணம் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு, வேலை துப்புரவாகிவிட்டது.

துப்புரவு வேலைக்கு நம்மிடம் கிடைக்கும் மரியாதைதான் இதற்கும். 2008இல் வந்த 8.3 பதிப்பு முதல் ஆட்டோ வேக்கூம் தானே ஓடுகிறது; டேபிளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு செத்ததும் கிளம்பும். சர்வர் மெதுவானால் பலர் முதலில் நிறுத்துவது இதைத்தான். ஆனால் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. எழுதும் ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும், அதாவது ஒரே மூச்சில் முடிய வேண்டிய வேலைத் தொகுப்புக்கும், ஓர் எண் உண்டு. சுமார் 200 கோடி எண்கள் ஓடுவதற்குள் பழைய வரிகளை வேக்கூம் முத்திரையிட்டு ஓரங்கட்டாவிட்டால், டேட்டாபேஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். 2019 பிப்ரவரியில் மெயில்சிம்ப்பின் மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவை இப்படித்தான் சுமார் 40 மணி நேரம் திணறியது. அங்கே ஆட்டோ வேக்கூமை யாரும் நிறுத்தவில்லை. எழுதும் வேகத்துக்கு அதுதான் ஈடுகொடுக்கவில்லை.

சேக்காட்டு வாசகரின் அடுத்த மாதப் பில்கள் காலியான இடத்திலேயே உட்காரும். அதற்குப் பிறகும் ஃபைல் பெருத்துக்கொண்டே போனால், யாரோ ஒருவர் டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாரா என்று பார்க்கலாம். அவர் திறந்த பிறகு செத்த வரிகளை, அவர் திரும்பி வந்து மூடும்வரை வேக்கூம் தொடாது.